சீனி வந்த வழியும் பல்லுப் போன வழியும்

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்று ஊரிலே சொல்லுவார்கள். புலம்பெயர்ந்த மண்ணில் தமிழைக் காப்பாற்றுவது எப்படி என்று புத்தாண்டு மலர்களிலே நிறைய எழுதுகிறோம். அந்தத் தமிழைப் பேச வேண்டிய பிள்ளையின் வாயைப் பற்றியும் கொஞ்சம் எழுதலாம் என்று நினைத்தேன்.

நோர்வேயில் எம்மவர் வீடுகளுக்குப் போகும்போது, நாலு வயதுப் பிள்ளையின் முன்பல் கறுத்துச் சூத்தையாய் இருப்பதைக் கண்டிருக்கிறேன். "பால்பல்லுத்தானே, விழுந்து முளைக்கும்" என்பார் ஒருவர். "எங்கட பரம்பரைப் பல்லே அப்பிடி" என்பார் இன்னொருவர். ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. பற்சூத்தையின் வரலாறு பெரும்பாலும் பரம்பரையின் வரலாறு அல்ல. அது சீனியின் வரலாறு. அந்த வரலாற்றில் தமிழருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

சர்க்கரை என்ற சொல்லே இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து மேற்கே பயணம் செய்து ஐரோப்பிய மொழிகளில் நுழைந்த சொல்தான். நீண்ட காலம் அது மருந்துக்கும் விசேஷத்துக்கும் உரிய அருமையான பண்டமாகவே இருந்தது. அதை மலிவாக்கியவை ஐரோப்பியர் கரிபியன் தீவுகளில் அமைத்த கரும்புத் தோட்டங்கள். அங்கே உழைத்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1834 இல் பிரித்தானியர் தமது குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்ததும், கரும்பு வெட்ட வேறு கைகள் தேவைப்பட்டன. மொறீசியசுக்கும், பின்னர் பீஜிக்கும் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டு செல்லப்பட்டனர். 1860 இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' கப்பல் நவம்பர் மாதம் தென்னாபிரிக்காவின் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்காக அதில் ஏற்றப்பட்டவர்களில் தமிழர் பலர். 1867 இல் இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் தொடங்கியபோதும் உழைத்தது தமிழரே. உலகத்தார் குடிக்கும் தேத்தண்ணிக்குள்ளே தேயிலையாகவும் சீனியாகவும் எம்மினத்தவரின் வியர்வை கரைந்திருக்கிறது.

ஐரோப்பாவில் சீனி மலிந்தது. கூடவே சூத்தைப் பல்லும் மலிந்தது. காரணத்தைத் தெளிவாக்கியவர் பேர்லினில் பணிபுரிந்த மில்லர் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர். 1890 இல் வெளிவந்த தமது நூலில் அவர் விளக்கியது இதுதான்: வாயிலுள்ள கிருமிகள் சீனியையும் மாப்பொருளையும் தின்று அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. பின்னாளில் இன்னொன்றும் தெரியவந்தது. ஒருமுறை இனிப்புத் தின்றால் வாய் பழைய நிலைக்கு வர ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்கிறது. உமிழ்நீர்தான் அந்த வேலையைச் செய்கிறது. அதற்குள் மறுபடி ஒரு பிஸ்கற், மறுபடி ஒரு மிடறு சோடா என்றால், பல் நாள் முழுக்க அமிலத்திலேயே ஊறும்.

நாங்கள் வந்து சேர்ந்த இந்த நோர்வேக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1940 ஏப்ரலில் ஜேர்மனியர் இந்நாட்டைப் பிடித்தார்கள். 1945 மே வரை ஆக்கிரமிப்பு. சீனி பங்கீட்டு அட்டைக்குத்தான். பேராசிரியர் தூவெருட் என்பவர் பள்ளிப் பிள்ளைகளின் பற்களை ஆராய்ந்தபோது, அந்தக் கஷ்ட காலத்தில் சூத்தை குறைந்திருக்கக் கண்டார். போர் முடிந்து சீனி திரும்பி வர, சூத்தையும் திரும்பி வந்தது. ஒரே நாடு, ஒரே சனம், ஒரே பரம்பரை. மாறியதில் முக்கியமானது சாப்பாடு.

இதை நூல்களில் படித்தபோது எனக்கு யாழ்ப்பாணத்தின் 1990 நினைவுக்கு வந்தது. பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அருமையான காலம். பனங்கட்டியில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்தோம். பனங்கட்டியும் இனிப்புத்தான், அது பல்லுக்கு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. உமிக்கரியால் தேய்த்தாலும் பல் தேயும். ஆனால் அந்த வாழ்க்கையில் இனிப்புக்கு ஒரு நேரம் இருந்தது. சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் வாய்க்கு ஓய்வு இருந்தது. சாப்பிட்ட கையோடு வாய் கொப்பளிக்கும் பழக்கம் இருந்தது.

அந்த ஓய்வின் அருமையை அயல்நாடான சுவீடன் ஒரு கொடிய வழியில் கண்டுபிடித்தது. லுண்ட் நகரின் விப்பெஹொல்ம் மருத்துவமனையில் மனவளர்ச்சி குன்றியவர்கள் இருந்தார்கள். 1940களின் பிற்பகுதியில், அவர்களுக்குப் பல்லில் ஒட்டும் ரொபியை வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 24 ரொபி. அவர்களிடம் சம்மதம் கேட்பார் இருக்கவில்லை. பலருடைய பற்கள் அழிந்தன. 1954 இல் வெளியான முடிவு: சீனியின் அளவைவிட, எத்தனை தரம் தின்கிறோம், எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருக்கிறது என்பதே பெரிய கேடு. அதன் பின்னர்தான் வாரத்தில் ஒருநாள் மட்டும் இனிப்பு என்ற அறிவுரை பரவியது. நோர்வேஜியர் வீடுகளில் நாம் காணும் 'சனிக்கிழமை இனிப்பு' அந்தப் பாடத்தின் தொடர்ச்சிதான். குரலற்றவர்களின் வலியில் பிறந்த அறிவு அது. அகதிகளாய் வந்த நாம் அதை மறக்கவும் கூடாது, வீணாக்கவும் கூடாது.

சாப்பாட்டிலும் இவர்கள் பாடம் படித்தார்கள். 1930களில் ஒஸ்லோப் பள்ளிகளில் பேராசிரியர் ஷியொட்ஸ் என்ற வைத்தியரின் முயற்சியால் 'ஒஸ்லோ காலை உணவு' கொடுத்தார்கள். தவிட்டோடு கூடிய பாண், பால், பாற்கட்டி, ஒரு துண்டு அப்பிள் அல்லது கரட், மாரியில் மீனெண்ணெய். இன்று எங்கள் பிள்ளைகள் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பொதியிலும் அதன் சாயல் இருக்கிறது. 1949 இல் மக்கள் பற்சுகாதாரத்துக்கெனச் சட்டம் வந்தது. 1970களிலிருந்து புளோரைட் பற்பசை பரவியது. சூத்தை படிப்படியாய்க் குறைந்தது.

இவர்கள் சீனியோடு மல்லுக்கட்டி இதையெல்லாம் பழக இரண்டு மூன்று தலைமுறை எடுத்தது. எங்களுக்கோ ஒரு விமானப் பயணம்தான். ஒரு பக்கம் மலிந்த சோடாவும் சொக்லேற்றும். மறுபக்கம் வருவார் போவாருக்கெல்லாம் சீனித் தேத்தண்ணி, பலகாரம். இரண்டு உலகத்து இனிப்பும் எங்கள் பிள்ளையின் வாயில்தான் சேருகிறது. 330 மில்லிலீற்றர் கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சீனி. சேர்க்கப்படும் சீனியை மொத்தச் சக்தியின் பத்திலொரு பங்குக்குக் கீழே வைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்னது. வளர்ந்தவருக்கு அது நாளுக்குச் சுமார் 50 கிராம். பிள்ளைக்கு இன்னும் குறைவு.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். மங்கலத்துக்கு வைக்கும் வெற்றிலையை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பாக்கு மெல்லுவது புகையிலை இல்லாவிட்டாலும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வெளியிட்டது. இலங்கையில் ஆண்களிடம் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். அம்மம்மா, அப்பப்பா மெல்லுபவர்களாயின், வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கக் கஷ்டம் என்று கண்டால் நாள் கடத்தாமல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? காலையும் படுக்குமுன்னும் புளோரைட் பற்பசையால் தீட்டவேண்டும். தீட்டியபின் துப்பினால் போதும், நிறையத் தண்ணீர் விட்டு அலசவேண்டாம். பிள்ளைக்கு இரவில் பால்போத்தலில் சீனி போட்டுக் கொடுத்து நித்திரையாக்க வேண்டாம். பால்பல்லில் சூத்தை வந்தாலும் வலிக்கும். நேரத்துக்கு முன் விழுந்தால் வரப்போகும் பல்லின் இடம் குழம்பும். தாகத்துக்குத் தண்ணீர். குரக்கன் பிட்டு, கடலை, மரக்கறி, மீன் என்று எங்கள் சமையலிலேயே நல்லது நிறைய இருக்கிறது. இந்நாட்டில் 18 வயது வரை பல் வைத்தியம் இலவசம். அழைப்புக் கடிதம் வந்தால் தவறவிடாதீர்கள். வளர்ந்தவர்கள் காசு கட்டவேண்டும் என்பதற்காக வலி வரும்வரை காத்திருந்தால், பிறகு கட்டும் காசு இன்னும் கூடும்.

எங்கள் சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள். விழாக்களிலும் தமிழ்ப் பாடசாலைச் சிற்றுண்டி மேசையிலும் சோடாவுக்கு முன்னால் தண்ணீரையும் தோடம்பழத்தையும் வையுங்கள். புத்தாண்டுக்குப் பயற்றம் பணியாரமும் வேண்டும், பாயாசமும் வேண்டும். அவை பெருநாளுக்கு உரியவையாய் இருந்தால் பெருநாளும் இனிக்கும், பல்லும் நிலைக்கும்.