பெருங்கற்கால ஈமக் கட்டடப் பெயர்கள்: ஒரு சொற்பொருள் நோக்கு

1. முன்னுரை

ஐதராபாத்தின் வடகிழக்கில் அமைந்துள்ள ஏ.எஸ்.ராவ் நகர், 1967இல் தோன்றிய இந்திய மின்னணுக் கழகத்தின் ஊழியர்களுக்கென உருவான குடியிருப்பாகும். அக்கழகத்தை நிறுவிய அறிவியலாளரின் பெயரையே அது தாங்கியுள்ளது. அதன் அண்மையிலுள்ள மௌலா அலி குன்று, உச்சியில் குதுப் ஷாகி காலத்தில் எழுந்த தர்காவால் பெயர் பெற்றது. இவ்விரு பெயர்களும் வழங்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, இக்குன்றைச் சூழ்ந்த நிலத்தில் இரும்புக்கால மக்கள் இறந்தோர்க்குக் கற்களால் கட்டடம் எழுப்பினர். எழுப்பியோர் அவற்றிற்கு இட்ட பெயர் எழுத்தில் பதிவாகவில்லை. இன்று வழங்குவன யாவும் பின்வந்தோர் இட்ட பெயர்களே. அப்பெயர்கள் கட்டடத்தின் எப்பண்பைச் சுட்டுகின்றன, மொழிபெயர்ப்பில் அவை எங்ஙனம் பிறழ உணரப்படுகின்றன என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

2. கட்டட அமைப்பு

ஐதராபாத் வட்டாரத்துக் கற்குவை ஈமச்சின்னங்களைப் பற்றி ஈ.எச்.ஹன்ட் 1924இல் அரச மானிடவியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். தென்னிந்தியப் பெருங்கற்காலக் கல்லறைகளுள் பரவலாகக் காணப்படும் வகை ஒன்றின் அமைப்பு பின்வருமாறு: நிலத்தில் குழி தோண்டி, நான்கு கற்பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி அறை அமைப்பர், அதனை மூடுகல்லால் மூடி, மேலே கற்களைக் குவித்து, சுற்றிலும் பாறைக் கற்களை வட்டமாக அடுக்குவர். உள்ளே எலும்புகளுடன் கறுப்பு-சிவப்பு மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் வைக்கப்பெற்றன.

1947இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த கருநாடகத்துப் பிரம்மகிரியில், ஒவ்வொரு பலகையின் ஒரு முனையும் அடுத்த பலகையைக் கடந்து நீளுமாறு ஸ்வஸ்திக வடிவில் நிறுத்தப்பட்டிருந்தது. வெளிமண்ணின் அழுத்தம் பலகைகளை உட்புறம் சாய்ப்பதற்கு மாறாக, ஒன்றோடொன்று இறுக்கி நிலைபெறச் செய்வது இம்முறை. சாந்து இல்லாமலே நிற்கும் இவ்வறை, கட்டடக்கலை அறிவின் தெளிவான வெளிப்பாடாகும். எனினும், மக்கள் இட்ட பெயர்களில் இத்தொழில்நுட்பம் இடம்பெறவில்லை.

3. மக்கள் வழக்கு

தெலங்கானாவில் இச்சின்னங்கள் 'ராட்சச குள்ளு' எனப்படுகின்றன. இதிலுள்ள 'குள்ளு', கோயில் எனப் பொருள்படும் 'குடி' என்னும் தெலுங்குச் சொல்லின் பன்மை வடிவமாகும். இச்சொல் தமிழில் 'வீடு, குடும்பம்' ஆகிய பொருள்களைத் தரும் 'குடி' என்பதோடு இனமுடையது. கன்னடத்தில் இதன் இனச்சொல் வீட்டையும் கோயிலையும் குறிக்கும். தெலுங்கில் பொருள் கோயிலில் நிலைபெற்றது. எனவே தெலுங்குப் பெயரின் மேற்பொருள் 'அரக்கர் கோயில்கள்' என்பதாயினும், அதன் அடியில் இருப்பது உறைவிடம் என்னும் கருத்தே. அரசன் உறையும் இல்லத்தைக் குறித்த 'கோயில்' தமிழில் இறைவன் உறைவிடமானதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

கருநாடகத்து ஹிரேபெணகல்லில் காணப்படும் கல்லறைகள் 'மோரியர் மனை' எனப்படும். தமிழகத்தில் 'பாண்டவர் வீடு', 'வாலியர் வீடு', 'குள்ளர் வீடு' ஆகிய வழக்குகள் உண்டு. இங்கு வரும் 'குள்ளர்' என்பதற்கும் தெலுங்குக் 'குள்ளு'வுக்கும் தொடர்பில்லை. ஒலியொப்புமையால் மயங்குதல் கூடாது. மூடுகல்லின் பருமையைக் கண்டோர் அரக்கரையும், அறையின் சிறுமையையும் பலகையில் இட்ட துளையையும் கண்டோர் குள்ளரையும் கருதினர் எனலாம். ஜெர்மானியர் இத்தகையவற்றை அரக்கர் கல்லறை என்றதும், மைசீனியின் மதில்களைக் கிரேக்கர் ஒற்றைக்கண் அரக்கரின் கட்டுமானம் என்றதும் இம்மனப்போக்கின் பாற்பட்டனவே.

4. அறிஞர் வழக்கு

கட்டியோரைக் கற்பனை செய்யும் போக்கு மக்களுக்கு மட்டும் உரியதன்று. 1850களில் நிஜாம் ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த சோராப்பூர் வட்டாரச் சின்னங்களை விவரித்த மெடோஸ் டெய்லர், அவற்றை 'சிதிய-துரூயித' எச்சங்கள் என்றார். நடு ஆசிய நாடோடிகளையும் ஐரோப்பியப் பூசகரையும் ஒருங்கே இணைத்த இத்தொடர், பெயருக்குள் ஒரு கோட்பாட்டையே அடக்கியிருந்தது. கோட்பாடு கைவிடப்பட்டதும் பெயரும் வழக்கொழிந்தது. மாறாக, பிரெத்தன் மொழியில் 'நீண்ட கல்' எனப் பொருள்படும் 'மென்ஹிர்' இன்றும் வழங்குகிறது. அது வடிவத்தை மட்டுமே சுட்டுவது.

1949இல் வி.டி.கிருஷ்ணசாமி தென்னிந்தியப் பெருங்கற்சின்ன வகைகளை வரையறுத்தபோது, கேரளத்தின் 'குடைக்கல்', 'தொப்பிக்கல்' ஆகிய வட்டார வழக்குகளையும் கலைச்சொற்களாக ஏற்றார். இவையும் வடிவப் பெயர்களே என்பது கருதத்தக்கது.

5. பதுக்கை: ஒரு சொல், இரு பொருள்

தமிழ்த் தொல்லியலில் நிலத்தின்மேல் எழுந்த கற்பலகை அறை 'கல்திட்டை' எனவும், நிலத்துள் அமைந்தது 'கல்பதுக்கை' எனவும் வழங்குகின்றன. மேடு என்னும் பொருளுடைய 'திட்டை'யும், மறைத்தல் என்னும் பொருளுடைய 'பதுக்கு' என்னும் வினையும் இப்பாகுபாட்டிற்குப் பொருந்துகின்றன.

ஆயின் சங்க இலக்கியத்தில் பதுக்கை, பெரும்பாலும் பாலைவழியில் ஆறலைகள்வரின் அம்புபட்டு வீழ்ந்தோர் உடல்மேல் கற்களைக் குவித்து எழுப்பிய குவியலையே குறிக்கிறது. புறநானூறு, அகநானூறு ஆகியவற்றில் இப்பொருள் தெளிவு. அங்குக் கற்பலகை இல்லை, அறை இல்லை, முன்கூட்டிய திட்டமும் இல்லை. வழிப்போக்கரின் அவலச் சாவே உண்டு. இச்சொல்லைத் தொல்லியல் கலைச்சொல்லாகக் கொண்டு பிறமொழியில் 'கற்பலகை அறை' என மொழிபெயர்ப்பின், கேட்பாரற்று இறந்தவன் பலர் உழைப்பில் எழுந்த கல்லறைக்கு உரியவனாகி விடுகிறான். பாட்டின் அச்சமும் இரக்கமும் அழிகின்றன. மறுதலையாக, பாட்டின் பதுக்கையைச் சான்றாகக் காட்டி அகழாய்வில் கிடைத்த அறைக்குக் காலம் கணிப்பதும் பிழையாகும்.

'தாழி'யின் நிலை வேறு. அன்றாடக் கலத்தின் பெயரே ஈமக்கலத்திற்கும் ஆயிற்று. ஐவகை ஈமமுறைகளைத் தொகுத்துரைக்கும் மணிமேகலையில் தாழியால் கவித்தலும் ஒன்றாக இடம்பெறுகிறது. 1876இல் யாகோர் அகழ்ந்த ஆதிச்சநல்லூரிலும் தாழிகளே வெளிப்பட்டன. இங்கு இலக்கியச் சொல்லும் அகழ்பொருளும் ஒத்துச் செல்கின்றன.

6. முடிவுரை

ஈமக் கட்டடப் பெயர்களை வடிவப் பெயர், பயன்பாட்டுப் பெயர், கட்டியோரைக் கற்பித்த பெயர் என மூவகைப்படுத்தலாம். மொழிபெயர்ப்பாளர் முதலில் பெயரின் வகையையும், அடுத்து அது வழங்கிய காலத்தையும் தெளிதல் வேண்டும். சங்கப் பதுக்கையைக் 'கற்குவை' என்றும், தொல்லியலாரின் பதுக்கையைக் 'கற்பலகை அறை' என்றும் வேறுபடுத்தி விளக்குதல் குழப்பத்தை நீக்கும். 'ராட்சச குள்ளு' போன்ற வழக்குகளை ஒலிபெயர்த்து விளக்கம் தருதலே முறை.

ஐதராபாத் போன்ற பெருநகரங்களின் விரிவில் கல்வட்டங்கள் பல மறைந்துவிட்டன. கல் கண்முன் நிற்கும்வரை, சொல்லின் பிழையைக் கல்லே திருத்தும். அது மறைந்தபின் சொல் ஒன்றே சான்றாகிறது. ஆதலின் வட்டார வழக்குகளை, அவை சுட்டும் கட்டடத்தின் அளவும் வடிவமும் இடமும் சேர்த்துப் பதிவுசெய்தல் மொழியியலாரின் கடமையாகும்.