ஐப்பசி மழையும் கல்யாணப் படமும்

1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை. புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். அதனால் ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் அடைமழையில் வந்து விழுகின்றன. கல்யாணப் படம் எடுப்பவர்கள் மழையை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்தார்கள்.

வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்ட காலத்தில் ஓலை இடுக்கில் நீர் சொட்டும். கரிசல் சேற்றில் ஸ்டாண்டு நிலைகொள்ளாது. உயர் மின்னழுத்தத்தில் இயங்கும் ஃபிளாஷ் நனைந்தால் ஷாக் அடிக்கும். கோயில் கல்மண்டபத்தில் நனையும் கவலை இல்லை. ஆனால் உள்ளே இருட்டு. கருங்கல் கூரை ஃபிளாஷ் ஒளியை விழுங்கிவிடும். வெள்ளையடித்த கல்யாண மண்டபத்தில் கூரையை நோக்கி ஃபிளாஷ் அடித்தால் ஒளி பரவி முகங்களில் மென்மையாக இறங்கும். அங்கே மின்வெட்டுதான் தொல்லை, ஜெனரேட்டர் கைகொடுத்தது.

அடுத்த சோதனை ஸ்டுடியோவில். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த இந்து ஃபிலிம் உட்பட எந்த ஃபிலிமிலும் ஜெலட்டின் பூச்சு ஈரத்தை உறிஞ்சும். கழுவிய நெகட்டிவ் மழைநாளில் காய நேரம் பிடிக்கும். காயும் முன் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லென்சில் பூஞ்சை படராமல் இருக்க கேமராப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தார்கள்.

டிஜிட்டல் கேமரா வந்ததும் நெகட்டிவ் காயவைக்கும் வேலை ஒழிந்தது. லென்சுக்குப் பூஞ்சை பயமும், கேமராவுக்குப் பிளாஸ்டிக் உறையும் இன்றும் தொடர்கின்றன.