காலில் மதமதப்பா? காரணத்தைத் தேடுவோம்

தொழுகை இருப்பில் நீண்ட நேரம் அமர்ந்து எழும்போது கால் மரத்துப் போவது நம் எல்லோருக்கும் நடப்பதுதான். சில நிமிடங்களில் அது தானாகவே சரியாகிவிடும். ஆனால், கால் விரல்களில் எந்நேரமும் மதமதப்பு, இரவில் பாத எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பஞ்சின் மேல் நடப்பது போன்ற தடுமாற்றம், செருப்பு கழன்றது கூடத் தெரியாமல் நடப்பது ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அலட்சியம் கூடாது. இதை மருத்துவர்கள் 'பெரிபெரல் நியூரோபதி', அதாவது புற நரம்பு பாதிப்பு என்கிறார்கள்.

மூளை, தண்டுவடம் ஆகியவற்றுக்கு வெளியே கை கால்களுக்குப் பரவிச் செல்பவை புற நரம்புகள். அவற்றில் மிக நீளமானவை இடுப்பிலிருந்து கால் விரல் வரை செல்பவை; பெரியவர்களுக்குச் சுமார் 1 மீட்டர் நீளம் இருக்கும். அதனால்தான் பாதிப்பு பெரும்பாலும் இரு பாதங்களிலும் தொடங்கி, மெல்ல மேலேறி, பிறகு கை விரல்களுக்கு வருகிறது.

இது நோயின் பெயர் மட்டுமே

காய்ச்சல் என்று சொன்னால் அதன் காரணம் தெரிந்துவிடாது. இதுவும் அப்படித்தான். நம்மில் பலர் 'நரம்புத் தளர்ச்சி' என்று தாமே பெயர் வைத்து, மருந்துக் கடையில் சத்து மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். காரணம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கிறது.

முக்கியக் காரணங்கள்

சர்க்கரை நோய்: இதுவே முதல் காரணம். சர்க்கரை இருப்பதே தெரியாமல், பாத எரிச்சலுக்காகச் சென்று கண்டறியப்படுபவர்களும் உண்டு.

வைட்டமின் பி12 குறைவு: 'நாம் கறி, மீன் சாப்பிடுகிறோம், நமக்கு வராது' என்று நினைக்க வேண்டாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கும், உடல் இச்சத்தை ஈர்க்க முடியாதவர்களுக்கும் பி12 குறையலாம். இரத்த சோகைக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் சோகை மாறும். நரம்பு சேதம் தொடரும்.

மருந்துகள்: காசநோய்க்கான ஐசோனியாசிட், புற்றுநோய்க்கான சில மருந்துகள் நரம்பைப் பாதிக்கும். ஐசோனியாசிட் எடுப்பவர்களுக்குப் பாதுகாப்பாகப் பி6 கொடுப்பார்கள். அதே பி6-ஐ அளவுக்கு மீறி நீண்ட நாள் எடுத்தால், அதுவே நரம்பைக் கெடுக்கும்.

தொழுநோய்: உணர்வற்ற, வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்தால் மறைக்காதீர்கள். கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். 6 அல்லது 12 மாதங்களில் முடியும்.

இவை தவிர தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, மதுப்பழக்கம், பரம்பரை ஆகியவையும் காரணமாகலாம்.

பரிசோதனைகள்

பாத உணர்வை மெல்லிய நைலான் இழையாலும், அதிர்வு உணர்வை இசைக்கவையாலும் மருத்துவர் சோதிப்பார். இரத்தத்தில் சர்க்கரை, மூன்று மாத சராசரி சர்க்கரை, பி12, தைராய்டு, கிரியாட்டினின், தேவைப்பட்டால் புரதப் பரிசோதனை செய்யப்படும். நரம்புக் கடத்தல் பரிசோதனை இயல்பாக வந்தால், 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று பொருளல்ல. மிக மெல்லிய நரம்புகளின் பாதிப்பு அதில் தெரியாது. சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும், சத்து மாத்திரை, நாட்டு மருந்து உட்பட, எடுத்துச் சென்று காட்டுங்கள்.

சில நாட்களுக்குள் பலவீனம் காலிலிருந்து மேலேறினாலோ, மூச்சு விடச் சிரமமானாலோ, உடலின் ஒரு பக்கம் திடீரென மரத்தாலோ தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

காரணம் கிடைக்காவிட்டால்?

எல்லாப் பரிசோதனைகளும் முடிந்தும் கணிசமானோருக்குக் காரணம் தெரிவதில்லை. இதனால் மனம் தளர வேண்டாம். பெரும்பாலும் இவ்வகை மெதுவாகவே முன்னேறும். அறிகுறி மாறினால் மறுபடி தேட வேண்டும். எரிச்சலுக்கும் வலிக்கும் அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். இவை வலியைக் குறைக்கும். மரத்துப்போன உணர்வை மீட்டுத் தராது.

அன்றாடப் பாதுகாப்பு

உணர்வில்லாத காலில் வலி எச்சரிக்காது. எனவே கண்தான் காவல். உளூவில் கால் கழுவும்போதே விரலிடுக்கு, குதிகால், உள்ளங்காலைப் பார்த்துவிடலாம். பிறகு ஈரத்தைத் துடைத்து விடுங்கள். குனிய முடியாத வாப்பா, உம்மாவுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். வெந்நீரின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் பாருங்கள். சூடான ஒத்தடம் வேண்டாம். வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள். இரவில் கழிப்பறை வழியில் சிறு விளக்கு எரியட்டும்.

ஹஜ், உம்ரா செல்பவர்கள் வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். பள்ளிவாசலுக்குள் கழற்றும் செருப்பைப் பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொண்டால், வேறு வாசலில் வெளியேறினாலும் பாதம் வேகாது.

சேதமான நரம்பு மீண்டும் வளரும் வேகம், நல்ல சூழலிலும், நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். பி12 குறைவு போன்றவற்றை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ, மீளும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். எனவே 'வயதானால் இப்படித்தான்' என்று ஒதுக்காமல், வீட்டுப் பெரியவர்களை இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.