அடிமனையும் மேற்கட்டடமும்: வடசென்னையில் குடிநீங்கா உரிமையின் கதை

சோழர் காலக் கல்வெட்டுகளைப் படிக்கும்போது நாம் எளிதில் கடந்துவிடும் தொடர்களுள் ஒன்று 'குடிநீங்காத் தேவதானம்'. ஊரைக் கோயிலுக்கு அளிக்கையில், அங்கே ஏற்கெனவே உழுதும் குடியிருந்தும் வருவோரை வெளியேற்றாமல் அளிப்பது என்பது அதன் பொருள். வெளியேற்றி அளித்தால் அது 'குடிநீக்கிய தேவதானம்'. நிலத்தின் மேலுரிமைக்கு மீயாட்சி என்றும், உழுது பயன்கொள்ளும் உரிமைக்குக் காராண்மை என்றும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. ஒரே நிலத்தில் இருவருக்கு இருவேறு உரிமைகள் இருக்கக்கூடும் என்பதைத் தமிழ்நிலம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது எனலாம்.

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை வீடு வாங்க முனைவோர், பத்திரத்தில் 'அடிமனை பிறருக்கு உரியது, மேற்கட்டடம் மட்டுமே விற்கப்படுகிறது' என்ற பொருள்பட ஒரு வரி உண்டா என்று பார்ப்பது நல்லது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் நெடிய வரலாறு உள்ளது.

சென்னை நகரமே பிறர் நிலத்தில் எழுந்ததுதான். 1639இல் தாமர்ல நாயக்கரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற சாசனத்தை, 1645இல் விசயநகர அரசர் சீரங்கராயரிடம் மீண்டும் பெற வேண்டியிருந்தது. பின்னர் கோல்கொண்டா ஆட்சி வந்தது. 1672இல் ஆண்டு வாடகை 1200 வராகன் என உறுதியாயிற்று. திருவொற்றியூரும் எண்ணூரை அடுத்த கத்திவாக்கமும் உள்ளிட்ட ஐந்து ஊர்களைக் கம்பெனி பெற்றது 1708இல், நவாப் தாவூத்கானிடமிருந்து. 1200 வராகன் வாடகையை நவாப் முகமது அலி தள்ளுபடி செய்தது 1752இல். ஆட்சி மாறுந்தோறும் தன் உரிமையைப் புதுப்பித்துக்கொள்ள அலைந்த குடியிருப்பாளர் ஒருவரே பிற்காலத்தில் நாட்டின் உரிமையாளராகவும் ஆனார் என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது.

துறைமுகமும் இரயிலும் ஆலைகளும் வந்தபின், உழைப்பாளர்கள் வடக்கே குவிந்தனர். மனை வாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. கோயில், அறக்கட்டளை, தனியார் ஆகியோரின் வெற்று மனையை மாத வாடகைக்குப் பிடித்து, தம் செலவில் குடிசையோ ஓட்டுவீடோ கட்டிக்கொண்டனர். ஒழுங்காக வாடகை கொடுக்கும்வரை யாரும் எழுப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கையே அவர்களுடைய ஆவணம். முதல் உலகப்போருக்குப் பின் மனை விலை ஏறியதும் அந்த நம்பிக்கை உடைந்தது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி, குத்தகை முடிந்தால் கட்டியவர் தம் கட்டுமானத்தைப் பெயர்த்தெடுத்துச் செல்லலாம். ஓட்டையும் மரத்தையும் எடுத்துச் செல்லலாம். சுவரை எப்படி எடுத்துச் செல்வது?

இந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1921ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கி, 1922இன் 3ஆம் சட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் மூன்று. முதலாவது, வெளியேற்றப்படும் குடியிருப்பாளருக்குக் கட்டடத்துக்கும் அவர் நட்ட மரங்களுக்கும் இழப்பீடு தரவேண்டும் (பிரிவு 3). இரண்டாவது, நியாயமான வாடகையை நீதிமன்றம் நிர்ணயிக்கும். மூன்றாவதே புரட்சிகரமானது: வெளியேற்ற வழக்கு வந்தால், அடிமனையைத் தமக்கே விற்கும்படி குடியிருப்பாளர் நீதிமன்றத்தைக் கேட்கலாம், விலையை நீதிமன்றமே நிர்ணயிக்கும் (பிரிவு 9). 1955ஆம் ஆண்டுத் திருத்தம் இச்சட்டத்தைச் சென்னைக்கு வெளியே உள்ள ஊர்களுக்கும் விரிக்க வழிசெய்தது.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் இதன் முன்மை விளங்கும். நீண்டகாலக் குத்தகையில் தனி வீடு வைத்திருப்போர் மனையை வாங்கவோ, குத்தகையை 50 ஆண்டு நீட்டிக்கவோ அங்கே சட்டம் வந்தது 1967இல். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு 90 ஆண்டு நீட்டிப்பு உரிமை கிடைத்தது 1993இல். ஆண்ட நாட்டில் வீட்டுக்காரருக்கு அந்த உரிமை கிடைப்பதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் முன்பே, ஆளப்பட்ட சென்னையின் ஓட்டுவீட்டுக்காரருக்கு மனையை வாங்கும் உரிமை கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே காலத்தை நீட்டிக்கும் வழியும் திறந்தது. இங்கே வாங்கு, அல்லது இழப்பீட்டோடு வெளியேறு என்பதே தேர்வு. காலத்தை நீட்டிப்பது உரிமையாக எழுதப்படவில்லை.

அந்தக் குறை வெளிப்பட்டது 1996இல். அவ்வாண்டின் 2ஆம் சட்டம், எம்மதத்தைச் சேர்ந்ததாயினும் சமய நிறுவனங்களின் நிலங்களுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. நிலுவையில் இருந்த குடியிருப்பாளர் மனுக்களும் அற்றுப்போயின. மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005இல் உச்சநீதிமன்றம் இவ்விலக்கைச் செல்லும் என்றது. கோயில் தரப்பு நியாயத்தையும் நாம் மறுக்க இயலாது. விளக்கெரிக்கவும் அன்னமிடவும் யாரோ எழுதிவைத்த மனை ஒருமுறை விற்கப்பட்டுவிட்டால் அந்த அறம் முடிந்துபோகும். கிடைக்கும் தொகை மனைக்கு ஈடாகாது. அதேவேளை, மூன்று தலைமுறையாக வாடகை கட்டி, தம் உழைப்பில் சுவரெழுப்பிய குடும்பத்துக்கு இழப்பீட்டு உரிமையும் உடன் போயிற்று.

இன்றைய நிலை என்ன? 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, கோயில் சொத்தை ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட ஆணையரின் அனுமதி வேண்டும். நீண்ட குத்தகைக்கு வழி அடைபடவில்லை. ஆனால் குடியிருப்பாளர் அதை உரிமையாகக் கோர இயலாது. ஆகவே வீடு வாங்குவோர் மூன்றைக் கேட்கவேண்டும்: அடிமனை யாருடையது, குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, பெயர்மாற்றத்துக்கு மனையுடையார் எழுத்தில் இசைந்துள்ளாரா. அடுக்குமாடி வீடாயின், நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு, அதாவது யு.டி.எஸ்., உண்மையில் எழுதித் தரப்படுகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். அது இல்லையெனில் வாங்குவது சுவரையும் எஞ்சிய காலத்தையும் மட்டுமே.

விற்பதா, வெளியேற்றுவதா என்ற இரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று நம் கல்வெட்டுகளில் இருக்கிறது. நிலம் கோயிலுக்கே, குடி நீங்கவேண்டியதில்லை. காலந்தோறும் திருத்தப்படும் நியாயமான வாடகையோடு, நீண்ட காலத்துக்குப் புதுப்பிக்கும் உரிமையைச் சட்டத்தில் எழுதினால், கோயிலின் மீயாட்சியும் குடியிருப்பவரின் இருப்பும் ஒருங்கே காக்கப்படும். அதற்குப் புதிய பெயர்கூடத் தேடவேண்டியதில்லை.