மூன்று பரவல்கள், ஒரே குடும்பம்

பி.எஸ்ஸி. புள்ளியியலில் ஈருறுப்பு, பாய்சான், இயல்நிலைப் பரவல்களைத் தனித்தனியாக உருப்போட்டவன் நான். வாய்மொழித் தேர்வில், "இதுங்களுக்குள்ள என்னப்பா உறவு?" என்றார்கள், திருதிருவென்று விழித்தேன். அந்த வெட்கம்தான் பின்னால் வரலாற்றைப் புரட்ட வைத்தது.

மத ஒடுக்குமுறைக்குத் தப்பி பிரான்ஸிலிருந்து லண்டன் வந்தவர் டி மாய்வர். நாணயத்தை ஆயிரம் தடவை சுண்டினால் எத்தனை தலை விழும் என்ற ஈருறுப்புக் கணக்கு பெரும்பாடு. 1733-இல் அவர் கண்ட குறுக்குவழியே இயல்நிலை வளைவாயிற்று. முயற்சிகள் பெருகி, வெற்றி வாய்ப்பு சுருங்கி, சராசரி மாறாதிருந்தால் அதே ஈருறுப்பு வேறு உருவெடுக்கும் என்று 1837-இல் பாய்சான் காட்டினார். பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்தவர்களின் கணக்கு அதற்குப் பொருந்துவதை 1898-இல் போர்ட்கீவிச் எடுத்துக்காட்டினார். பாய்சானின் சராசரி பெருகினால் அதுவும் இயல்நிலையையே நெருங்கும்.

தம்பி, தங்கைகளே! சூத்திரத்தை மனப்பாடம் பண்ணுமுன், அது யார் வீட்டுப் பிள்ளை என்று கேளுங்கள்.