முனைவாக்கும் வடிகட்டி: பளிங்கிலிருந்து கமராவுக்கு

ஒரு கருவி எந்நோக்கம் கருதி ஆக்கப்பட்டதோ அந்நோக்கத்திலேயே நிலைபெறும் என்று கொள்வதற்கில்லை. வீடியோப் படப்பிடிப்பாளர் கமரா வில்லையின் முன் பொருத்தும் முனைவாக்கும் வடிகட்டியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஐஸ்லாந்துப் பளிங்கினூடாக நோக்கும் பொருள் இரண்டாகத் தோன்றுவதை டென்மார்க்கைச் சேர்ந்த பார்தொலின் 1669இல் எடுத்துரைத்தார். 1808இல் மாலூஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர், பரிஸ் நகரின் லுக்சம்பேர்க் மாளிகைச் சாளரங்களிற் பட்டுத் தெறித்த மாலை வெயிலை அத்தகைய பளிங்கினூடாக நோக்கினார். பளிங்கைச் சுழற்றியபோது இரு விம்பங்களின் ஒளிர்வும் மாறி மாறிக் குறைந்தது. தெறிப்பினாலும் ஒளி முனைவாகும் என்பது இவ்வாறு புலனாயிற்று. மறு ஆண்டில் அராகோ, நீலவானின் ஒளியும் முனைவானதே எனக் கண்டார். ஞாயிற்றுக்கு ஏறத்தாழ 90 பாகையில் அமைந்த வானிலேயே அது மிகுந்து காணப்படும். நீரின் பளபளப்பை நீக்குதல், வானின் நீலத்தை ஆழமாக்குதல் என்னும் வடிகட்டியின் இரு பெரும் பயன்களும் இவ்விரு கண்டுபிடிப்புகளிலேயே வேர்கொண்டுள்ளன.

எனினும், அறிவு கருவியாவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1828இல் நிக்கல் அமைத்த அரியம் ஒளியைச் செவ்வனே முனைவாக்கியது. ஆயின், பெரிய வில்லையை மூடும் அளவிற்கு அதனை ஆக்குதல் அரிது. 1852இல் ஹெரபாத் விவரித்த குயினைன்-அயடீன் பளிங்குகளோ மிகச் சிறியன, எளிதில் நொறுங்குவன. பெரும் பளிங்கொன்றை வளர்க்கும் முயற்சியைக் கைவிட்டு, எண்ணற்ற நுண்பளிங்குகளை ஒரே திசையில் ஒழுங்குபடுத்தித் தகடாக்கியவர் அமெரிக்கரான எட்வின் லாண்ட். அதற்கான காப்புரிமையை அவர் 1929இல் கோரினார்.

லாண்டின் பெருவிருப்பம் மோட்டார் வண்டி விளக்குகளின் கண்கூசும் ஒளியைத் தடுப்பதேயாகும். ஆனால், எல்லா வண்டிகளிலும் பொருத்தினாலன்றி அம்முறை முழுப்பயன் தராது. வண்டி உற்பத்தியாளரும் அதனை ஏற்கவில்லை. மாறாக, கொடாக் நிறுவனம் 1934இல் கமரா வடிகட்டிகளுக்காக அவருடன் ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டில் கொடாக்குறோம் வண்ணப்படச் சுருள் வெளிவந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் வானை இருளச்செய்த சிவப்பு வடிகட்டி, வண்ணப்படம் முழுவதையுமே சிவப்பாக்கிவிடும். நிறத்தைக் கெடுக்காது வானை ஆழமாக்கவல்ல முனைவாக்கும் வடிகட்டியின் தேவை இதனால் உறுதிப்பட்டது.

அசையும் படத்தில் அராகோ கண்ட உண்மையே ஓர் எல்லையுமாகின்றது. கமராவைப் பக்கவாட்டில் திருப்புகையில் ஞாயிற்றுடனான கோணம் மாறுவதால், ஒரே காட்சியினுள் வானின் நிறமும் மாறும். அகலக்கோண வில்லையிலோ வானின் ஒரு பகுதி மட்டும் இருண்ட பட்டையாகத் தோன்றும். சாதாரண ஒளியிற் பாதிக்கு மேற்பட்ட பகுதியும் வடிகட்டியிலேயே இழக்கப்படும்.

ஆயினும், இன்றைய எண்முறைத் தொழினுட்பம் இவ்வடிகட்டியை அகற்றிவிடவில்லை. வானின் நிறத்தைப் பின்னர்த் திருத்தலாம். நீர்ப்பரப்பின் பளபளப்பால் மறைந்து பதிவாகாது போன காட்சியை உள்ளவாறு மீட்டல் இயலாது. ஆக்கியோன் எண்ணிய பாதையில் இடம்பெறாத கருவி, கமராவின் முன் நிலைத்த இடம் பெற்றமைக்கு இத்தேவையே காரணமாகும். கண்டுபிடிப்பின் பிறப்பை அறிஞர் நிர்ணயிப்பர். அதன் வாழ்வைக் காலத்தின் தேவையே நிர்ணயிக்கின்றது.