12 ஆம்பளைங்களும் ஒரு ஃபார்முலாவும்

2023 டிசம்பர்ல நியூயார்க் டைம்ஸ் ஒரு பட்டியல் போட்டுச்சு மக்களே. இப்போதைய செயற்கை நுண்ணறிவு அலைக்குப் பின்னால இருக்கிறவங்க யார் யார்னு. மொத்தம் 12 பேர். ஈலான் மஸ்க் உண்டு, பில் கேட்ஸ் உண்டு, மார்க் ஸக்கர்பெர்க் உண்டு. பெண்? ம்ஹூம், ஒருத்தர்கூட கிடையாது.

ஜெஃப்ரி ஹிண்டன் பேரும் இருந்தது. நியாயம்தான். ஆனா 2012ல ஹிண்டன் குழு எல்லாரையும் திரும்பிப் பார்க்க வச்சது இமேஜ்நெட் போட்டியில. அந்த இமேஜ்நெட்டை 2009ல கொண்டுவந்தது ஃபெய்-ஃபெய் லீயோட குழு. சீனாவுல பிறந்து, 15 வயசுல அமெரிக்கா வந்து, பிரின்ஸ்டன்ல படிச்சுக்கிட்டே குடும்பத்தோட ட்ரை கிளீனிங் கடையையும் பார்த்துக்கிட்டவர். ஒரு கோடிக்கும் மேல படங்கள். இது நாய், இது நாற்காலின்னு மனுஷங்களை வச்சே பேர் ஒட்டின வேலை. கோப்பை வாங்கினவருக்கு போட்டோ, மைதானம் கட்டினவருக்கு ஒண்ணுமில்ல! (பணம் போட்டவங்களுக்கெல்லாம் இடம் இருந்துச்சு, அதையும் கவனிங்க.)

இது புதுசு இல்லைங்க. கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ்னு ஒருத்தர், இங்கிலாந்துக்காரர். 1972ல ஒரு கட்டுரை எழுதினார். விஷயம் எளிமையானது. 'ஒரு', 'என்று' எல்லாம் எல்லார் பதிவுலயும் வரும், அதை வச்சு எதையும் தேட முடியாது. 'இருட்டுக்கடை' சில பதிவுலதான் வரும். அதனால குறைவான பக்கங்கள்ல வர்ற சொல்லுக்கு அதிக எடை கொடுங்கன்னார். அதுதான் ஐடிஎஃப். தேடல் சம்பந்தமா கோட் அடிக்கிற என்னை மாதிரி ஆட்களுக்கு இது தினசரி சோறு. ஃபார்முலா எல்லாருக்கும் தெரியும். அதைக் கொடுத்த அம்மா பேரைக் கேட்டா பக்கத்து சீட்டுக்காரர் கூகுள் பண்றார் :-) (அதுவும் அவங்க புண்ணியம்தான்.)

கேம்பிரிட்ஜ்ல பல வருஷம் தற்காலிக ஒப்பந்தத்துலயே ஓட்டினவர். பேராசிரியர் ஆனது 1999ல, அறுபது வயசு தாண்டின பிறகு. கணினி ஆண்கள் கையில மட்டும் விட்டுவைக்க முடியாத அளவுக்கு முக்கியமான விஷயம்னு சொல்லிக்கிட்டே இருப்பாராம்.

2007ல இறந்தார். நியூயார்க் டைம்ஸ் அப்போ இரங்கல் செய்தி போடல. விட்டுப்போனவங்களுக்காக 2018ல ஒரு தனித் தொடர் ஆரம்பிச்சு, அதுல 2019 ஜனவரியில இவரைப் பத்தி எழுதினாங்க. 12 வருஷம் லேட்டு.

அதுக்கப்புறம் அஞ்சு வருஷம்கூட ஆகல, அதே பத்திரிகைலதான் அந்த 12 பேர் பட்டியல்.